பத்துக் கிலோ குற்றாலம்

கௌசிக்குக்கு வருடத்தில் முந்நூற்று ஐம்பத்தாறு நாள் நல்ல புத்தி. மீதி ஒன்பது நாள் கொலு.

மற்ற நாட்களில் அவன் டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிற, அதிகம் பேசாத, பெண்டாட்டி சொன்னால் கேட்கிற மனிதன். நவராத்திரி வந்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கமாட்டான். படிகளில் பொம்மை அடுக்குவது அஞ்சனாவின் வேலை. படிக்குக் கீழே தரையில் போடுகிற பார்க் மட்டும் அவன் ராஜ்ஜியம். போன வருடம் பாம்பன் பாலம் கட்டி அதில் ரயில் விட்டான். அதற்கு முந்தின வருடம் பழனிக்கு வின்ச் ஓட்டி, அது பாதி வழியில் நின்று, வந்த ஆன்ட்டிகள் எல்லாரும் கை தட்டினார்கள். இந்த வருடம் குற்றாலம். மீன்தொட்டி பம்ப் வைத்து நிஜத் தண்ணீர் விழும் என்று ஆகஸ்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

அஞ்சனா அதை அரைக்காதில்தான் கேட்டாள். ஞாயிறு காலை பொம்மைகளை வைத்து விளக்கேற்றிவிட்டு, மதியமே காரை எடுத்துக்கொண்டு கிழக்கே மூன்று மணி நேரம் ஓட்டிப் போய்விட்டாள். அவள் மனம் பூராவும் அடுத்த திங்கட்கிழமையில் இருந்தது.

அஞ்சனாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் கௌசிக், "அவ கல்லு அரைக்கறா" என்பான். தப்பில்லை. கிழக்கு டெக்சஸின் பைன் காட்டுக்குள் ஐம்பது வருடம் முன்பு மூடிப்போன ஒரு இரும்புச் சுரங்கம் இருந்தது. அந்தக் காலத்தில் தேறாது என்று ஒதுக்கிக் கொட்டிய தாது, குன்று குன்றாக அங்கேயே கிடந்தது. அதில் நூறு கிலோவுக்கு இருபத்தெட்டு கிலோதான் இரும்பு. மீதி மணலும் களிமண்ணும். உருக்காலைக்காரன் வாங்க வேண்டுமானால் நூற்றுக்கு அறுபதாவது இருக்க வேண்டும். அதற்கு அந்தக் கல்லையெல்லாம் மாவாக அரைத்து, காந்தத்தைக் காட்டி இரும்புத் துகளை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அரைத்தால் அறுபத்திரண்டு வந்தது. ஆனால் அரைக்கிற மின்சாரச் செலவு, வருகிற இரும்பின் விலையைத் தின்று ஏப்பம் விட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அவளுடைய மேலாளர் கிரெக் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தியைச் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அரைக்கும் செலவு பாதிக்குப் பாதி குறைந்தால் டெக்சஸ் வேலை தொடரும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை கூட்டத்தோடு மூடிவிட்டு அஞ்சனாவை மினசோட்டா சுரங்கத்துக்கு மாற்றிவிடுவோம், அங்கே வீடு மலிவு என்று சொல்லியிருந்தார். வீடு மலிவுதான். கௌசிக்கின் வேலை இங்கே, எட்டு வயது ஷ்ரேயாவின் பள்ளிக்கூடம் இங்கே. ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் நடத்த மலிவான வீடு எதற்கு?

நாலு நாள் அரைத்துப் பார்த்தாள். இன்னும் நைசாக, கொஞ்சம் கொரகொரப்பாக, மெதுவாக, வேகமாக. எண் அசையவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் டோல்வேயில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, பசிதான் வந்தது.

வீட்டு வாசலில் ஒன்பது கார் நின்றது. கொலுவுக்கு வந்த கூட்டம். உள்ளே பட்டுப்புடவையும் சுண்டலுமாக ஒரே அமளி. யாரோ பாடி முடித்து, யாரோ "பேஷ்" என்றார்கள். அஞ்சனா ஜீன்ஸோடு, தலையெல்லாம் புழுதியோடு, ஒரு கொலுச் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு நுழைந்தாள்.

குற்றாலம் அமோகமாக இருந்தது. மூன்று தட்டாக மலை, உச்சியில் குள்ளமாக ஓர் அகஸ்தியர் பொம்மை, பக்கத்தில் வெந்தயம் விதைத்து முளைத்த பச்சை, நடுவே கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர் விழுந்தது. மலை கன்னங்கரேலென்று மின்னியது.

அந்தக் கருப்பைத்தான் அவள் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"கௌசிக், இந்த மண் ஏது?"

"கராஜ்ல ஒரு வெள்ளை பக்கெட் இருந்துதே, அதுதான். எவ்ளோ மேட்ச் ஆறது பாத்தியா?"

அந்த வெள்ளை பக்கெட் அவளுடைய கடைசி சாம்பிள். பத்துக் கிலோ. குன்றிலிருந்து வெட்டி எடுத்தபடியே, உடைக்காமல், அரைக்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் பத்திரப்படுத்தியது. மூடியில் சிவப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள், தொடாதே என்று.

"மேல எழுதியிருந்ததே, படிக்கலையா நீ?"

"படிச்சேனே. நீ ஷ்ரேயாவுக்கு எழுதினதுன்னு நெனச்சேன்."

சோபாவிலிருந்து ஷ்ரேயா சுண்டலை மென்றுகொண்டே, "ஐ டோல்ட் ஹிம், அம்மா. ஹி நெவர் லிசன்ஸ்" என்றாள்.

பதினைந்து விருந்தாளிகள் எதிரில் புருஷனைத் திட்ட முடியாது. திட்டவும் அவளுக்குத் தோன்றவில்லை. வேறொன்று உறுத்தியது. அவள் தாது செம்பழுப்பு. செங்கல் பொடியும் சேறும் கலந்தாற்போல் இருக்கும். மூன்று வருடத்தில் அதை அவள் ஒருநாளும் இவ்வளவு கருப்பாகப் பார்த்ததில்லை.

"இதை என்ன பண்ணினே நீ?" என்றாள், குரலை அடக்கி.

"அலம்பினேன். மொதல்ல அப்படியேதான் மலை கட்டினேன். பம்ப் போட்டா தண்ணி காபி மாதிரி வந்துது. குற்றாலத்துல வெள்ளம் வந்தா போலீஸ் குளிக்க விடமாட்டான் தெரியுமோல்லியோ? தவிர எந்த ஊர் மண்ணோ என்னவோ, அலம்பாம எப்படி சுவாமி பக்கத்துல வெக்கறது? அதான் அண்டாவுல போட்டு, தெளிஞ்ச தண்ணி வர வரைக்கும் ஏழு தரம் கையால பெசஞ்சு அலம்பினேன். முதுகு போச்சு."

உலகத்தில் எந்தத் தாதுவையும் எந்த என்ஜினியரும் மடி பார்த்துக் கழுவியிருக்கமாட்டான். அஞ்சனா ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கோயில் காலண்டரின் காந்தத்தைப் பிய்த்து எடுத்தாள். ஒரு ஜிப்லாக் பையில் அதைப் போட்டு, மலை அடிவாரத்தில் ஒரு ஸ்பூன் மண்ணை எடுத்து அதில் காட்டினாள். மண் மொத்தமும் முள்ளம்பன்றியாகச் சிலிர்த்துக்கொண்டு காந்தத்தில் ஏறியது. கீழே விழுந்தது ஒரு சிட்டிகைகூட இல்லை.

இந்தத் தாதுவில் இரும்பும் மணலும் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடக்கும், மாவாக அரைத்தாலொழியப் பிரியாது என்று பழைய அறிக்கை சொல்லியிருந்தது. எல்லாரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள், அவள் உட்பட. அந்த அறிக்கை பூமிக்கு அடியிலிருந்து வெட்டிய புதுப் பாறைக்கு எழுதியது. மேலே கொட்டிக் கிடந்த குன்றோ ஐம்பது வருடம் டெக்சஸ் வெயிலில் காய்ந்து மழையில் ஊறிக் கிடந்தது. வெயிலும் மழையும் காலணா வாங்காமல் பாதி வேலையை முடித்து வைத்திருந்தன. அவள்தான் சாம்பிள் வந்ததும் வராததுமாக, முறைப்படி, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, பிரிந்து கிடந்த களிமண்ணை மறுபடி இரும்போடு பூசிக்கொண்டிருந்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மற்றவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

கழுவினாலே பாதி கழிந்துபோகும் என்றால், மீதிப் பாதியை மட்டும் அரைத்தால் போதும். செலவும் பாதி. ஆனால் கழுவின தண்ணீரோடு இரும்பும் போயிருந்தால்?

"அந்த அலம்பின தண்ணியை எங்க கொட்டினே?" என்று கேட்டாள்.

கௌசிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னைப் பத்தி என்ன நெனச்சிண்டிருக்கே? கொலுவுக்கு எடுத்த மண்ணு, கால் படற எடத்துல கொட்டுவேனா? கராஜ்லதான் இருக்கு. விஜயதசமி ஆனதும் துளசிக்கு விடலாம்னு."

கராஜில் ஏழு பக்கெட் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 'வாஷ் 1', 'வாஷ் 2' என்று தேதியும் நேரமும் போட்டிருந்தான். லேபில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதமாட்டார்கள். அஞ்சனா சிமென்ட் தரையில் அந்தப் பக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத தைரியத்தில், வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பத்து நிமிடம்தான் ஆயுள். உள்ளே வந்து பார்த்தால் குற்றாலத்தில் பாதி மலையைக் காணோம்.

நடந்தது இதுதான். அவள் ஸ்பூனால் மண்ணெடுத்ததைக் காமாக்ஷி ஆன்ட்டி பார்த்துவிட்டாள். காமாக்ஷி ஆன்ட்டி இரண்டு தெரு தள்ளி இருப்பவள். ஃபிரிஸ்கோவில் எந்தக் கொலுவும் அவள் பாட்டு இல்லாமல் முடிந்ததில்லை. "மலை மண்ணா? எங்களுக்கும் கொஞ்சம் குடேன்ப்பா" என்று அவள் கேட்க, கௌசிக் மனம் குளிர்ந்து, "தாராளமா எடுத்துக்கோங்கோ ஆன்ட்டி" என்று ஜிப்லாக் டப்பாவையே எடுத்து நீட்டியிருக்கிறான். ஒருத்தி வாங்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, பிளாஸ்டிக் டப்பா, மலை மண். பதினாலு பொட்டலம் ஒன்பது காரில் ஏறிப் போய்விட்டது.

"அய்யோ கௌசிக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அஞ்சனா.

அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். பத்துக் கிலோ போட்டால் சேறும் மலையும் பொட்டலமும் சேர்ந்து பத்துக் கிலோ வர வேண்டும். இல்லாவிட்டால் காணாமல் போனதில் இரும்பு இருந்ததா மணல் இருந்ததா என்று யார் சொல்வது? கிரெக்கின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அவள் எல்லாவற்றையும் சொன்னதும் கௌசிக், "அப்போ மினசோட்டா?" என்றான். கிரெக் சொல்லி ஒரு மாதமாகியும் அவன் அந்த ஊர்ப் பெயரையே வாயால் சொன்னதில்லை.

"இது சரியா வந்தா, போகவேண்டாம்."

"மலையை எடுத்துக்கோ" என்றான் உடனே. சொன்ன பிறகுதான் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் ஞாபகம் வந்தது. வைத்த பொம்மையை விஜயதசமிக்கு முன்னால் நகர்த்தக் கூடாது. கௌசிக் முழங்காலிட்டு இரண்டு கையாலும் அகஸ்தியரை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டான். "நான் அசைய மாட்டேன். நீ அடியிலேர்ந்து எடு."

நாற்பது நிமிடம் அப்படியே இருந்தான். கீழிருந்து அஞ்சனா தாதுவை வழித்து எடுத்து, அந்த இடத்தில் கொல்லைப்புற மண்ணை அடைத்தாள். அகஸ்தியர் ஓர் இம்மிகூட நகரவில்லை. அவன் மூக்கில் அரித்தபோது ஷ்ரேயாதான் வந்து சொறிந்துவிட்டாள். இந்த மனிதனை விட்டுவிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன் என்று நினைத்தாள் அஞ்சனா.

வெள்ளிக்கிழமை காலை கௌசிக் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டான்: "நேற்று வாங்கிக்கொண்ட மலை மண்ணைத் தயவுசெய்து திருப்பித் தரவும்." ஃபிரிஸ்கோ அல்லோலகல்லோலப்பட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற கொலுவை யாரும் கண்டதில்லை. மண்ணில் விஷம் என்று ஒருவர், தங்கம் என்று இன்னொருவர். பிளேனோ அங்கிள் ஒருவர் தன் பங்கை ரோஜாத் தொட்டியில் போட்டுவிட்டிருந்தார். அஞ்சனா நேரில் போய்க் காலண்டர் காந்தத்தை வைத்து மண்ணிலிருந்து அதை இழுத்து வந்தாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதிமூன்று பொட்டலம் சேர்ந்துவிட்டது.

சேற்றை வடித்து அடுப்பில் காயவைத்து எடை போட்டாள். நாலு கிலோ அறுநூறு கிராம். எதில் எவ்வளவு இரும்பு என்று காட்டுகிற, ஆபீசிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி மாதிரியான கருவியால் அதைச் சுட்டுப் பார்த்தாள். மொத்த இரும்பில் நூற்றுக்கு ஆறு பங்குதான் அதில் போயிருந்தது. சாதாரணக் குழாய்த் தண்ணீர், கிட்டத்தட்டப் பாதிக் குப்பையை வெளியே தள்ளி, இரும்பைப் பத்திரமாக வைத்திருந்தது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் முந்நூறு கிராம் துண்டு விழுந்தது. பதினாலாவது பொட்டலம் காமாக்ஷி ஆன்ட்டியிடம் இருந்தது.

ஆன்ட்டி கதவைத் திறந்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "வாம்மா. காபி சாப்பிடு. ஆனா அதை மட்டும் கேக்காதே."

பூஜை அலமாரியில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் அந்த மண் இருந்தது. மேலே ஒரு பொட்டுக் குங்குமம்.

"ஆன்ட்டி, அது சுவாமி மண் இல்லை. எங்க மைன்லேர்ந்து வந்த சாம்பிள். எனக்கு வேலைக்கு வேணும்."

"இருந்துட்டுப் போகட்டுமே. நடக்கற வரைக்கும் தினம் ஒரு பொட்டு வெக்கறேன்னு வேண்டிண்டாச்சு. வேண்டிண்டதை நடுவுல எடுக்கப்படாது."

"என்ன வேண்டிண்டேள்?" என்றாள் அஞ்சனா, ஆன்ட்டியின் பிள்ளைக்குக் கிரீன் கார்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு.

"உன்னை அந்த மினசோட்டாவுக்கு அனுப்பிடப்படாதுன்னு. போன வாரம் கௌசிக் என்னைக் கோயில்ல பார்த்தான். கேக்காமயே சொன்னான். சொல்லிட்டு வாசல் பக்கம் திரும்பிண்டுட்டான். புருஷாள் அப்படித் திரும்பிண்டா எதுக்குன்னு நமக்குத் தெரியாதா?"

அஞ்சனாவுக்குக் கண் தளும்பிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஆன்ட்டி கொடுத்த காபியைக் குடித்து முடித்தாள். பிறகு அவள் மூளையில் இருந்த என்ஜினியர் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, உங்காத்துல சமையல் தராசு இருக்கா?"

இருந்தது. அலமாரிக்கு முன்னாலேயே வைத்து, ஆன்ட்டி தன் கையாலேயே கிண்ணத்தை எடுத்துத் தராசில் வைத்தாள். அதேபோன்ற காலிக் கிண்ணத்தின் எடையைக் கழித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். அஞ்சனா கருவியால் ஒருமுறை சுட்டாள். ஆன்ட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள். பாக்கி எண்பத்தெட்டு கிராம் ஃபிரிஸ்கோவின் கார்ப்பெட்டுகளில் எங்கோ இருக்கட்டும். எந்த லேபிலும் அவ்வளவு சேதாரம் உண்டு.

திங்கட்கிழமை டாலஸ் ஆபீசில் கிரெக் அவள் கொடுத்த தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். சேறு, மலை, பதிமூன்று பொட்டலம். கடைசி வரியில் விரல் நின்றது.

"காமாக்ஷி, இருநூற்றுப் பன்னிரண்டு கிராம், இருந்த இடத்திலேயே எடுத்த எடை. இது என்ன கருவி?"

அஞ்சனா கொலு முதல் கிண்ணம் வரை ஒளிக்காமல் சொன்னாள். கிரெக் கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். "இதை வைத்து யாரும் பணம் போடமாட்டார்கள்" என்றார் சிரிப்பு அடங்கியதும்.

"போடக் கூடாது" என்றாள் அவள். "அதில் வெந்தயம்கூட இருக்கிறது. எனக்கு மூன்று வாரமும் ஒரு பொக்லைனும் கொடுங்கள். குன்றின் ஆறு இடத்தில் வெட்டி எடுத்து, முறைப்படி கழுவிக் காட்டுகிறேன். பொய்த்தால் நானே பெட்டி கட்டிக்கொள்கிறேன்."

கிரெக் தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார். மூன்று வாரம் கொடுத்தார்.

பக்கத்து மணல் குவாரியில் ஜல்லி கழுவும் உருளை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். ஆறு இடத்திலிருந்து இருபது டன் தாது அதில் உருண்டது. ஐந்து இடத்தில் கொலுவில் வந்த அதே கணக்கு வந்தது, ஆறாவதில் கொஞ்சம் குறைந்தது. அரைக்க வேண்டியது பாதியாகிவிட்டதால் செலவும் கிட்டத்தட்டப் பாதியாகியது. தீபாவளிக்கு மறுநாள் கிரெக் கூப்பிட்டு, டெக்சஸ் வேலை தொடர்கிறது, மினசோட்டாவில் வீடு பார்க்க வேண்டாம் என்றார். அப்போதும் சிரித்த முகம்தான்.

கௌசிக்கிடம் போனில் சொன்னபோது அவன் "ஓகே" என்றான். ஐந்து நிமிடம் கழித்து, அடுத்த வருடம் ஒகேனக்கல் என்று மெசேஜ் வந்தது. அன்று மாலை அஞ்சனா ஒரு வெள்ளை பக்கெட் நிறையக் கழுவித் தள்ளிய மணலைக் கொண்டுவந்து கராஜில் வைத்தாள். மூடியில் சிவப்பு மார்க்கரில் பெரிதாக எழுதினாள்: கௌசிக், தொடலாம்.

இரண்டு நாள் கழித்துக் காமாக்ஷி ஆன்ட்டி வந்தாள். கையில் தீபாவளி மருந்து, மைசூர்பாகு, கூடவே ஒரு ஜிப்லாக் பை.

"வேண்டிண்டது ஆயிடுத்து. இந்தாம்மா உன் மண்ணு. உன் கணக்குல சேர்த்துக்கோ."

மறுநாள் லேபில் அஞ்சனா அதைத் தராசில் கொட்டினாள். இருநூற்றுப் பதினாலு கிராம். இரண்டு கிராம் ஏறியிருந்தது. அவள் தொழிலில் எடை குறைந்தாலும் காரணம் எழுத வேண்டும், கூடினாலும் எழுத வேண்டும். குறிப்பேட்டை எடுத்து, காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: குங்குமம்.